கடன் கொப்பியும் ஒரு போட்டோவும்

கொஞ்சக் காலத்துக்கு முன் திருகோணமலையில் நிலாவெளிப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்தில், பிள்ளைகளின் 'மீண்டெழும் திறன்' (resilience) பற்றிய ஓர் ஆய்வுக்கு மொழிபெயர்க்கப் போயிருந்தேன். எந்த நிறுவனம் என்பதை விடுங்கள். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளிடம் சின்னக் கமராக்களைக் கொடுத்து, "கஷ்ட காலத்தில் உங்களை விழாமல் வைத்திருந்தது எதுவோ அதைப் படம் எடுத்து வாருங்கள்" என்று ஒரு கிழமை விட்டார்கள். கடலும் சூரியனும் திருகோணமலைக் கோட்டைக்குள் திரியும் மான்களும்தான் வரும் என்று நினைத்தேன். வந்தன, மான் மட்டும் பதினொன்று. ஆனால் ஒரு பிள்ளை கொண்டுவந்தது கொப்பி ஒன்றின் படம்.

மூலைக் கடையின் கடன் கொப்பி. ஓரம் மடிந்து, எண்ணெய்க் கை பட்டுப் பளபளத்த தாள், நூலில் கட்டின பேனை, அவளுடைய அம்மாவின் பெயருக்குக் கீழே பாண், பருப்பு, மா, பாண், பாண்.

ஆய்வாளர் பார்த்த உடனே 'கடன் சுமை' என்று குறித்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன். பிள்ளையைக் கேட்டால், "இல்லை, அந்த வருசம் மண்ணெண்ணெய் இல்லாமல் அப்பா கடலுக்குப் போகேல்லை. கடை மாமி எங்கட பேரை வெட்டேல்லை. அதுதான் எடுத்தனான்" என்கிறாள். 2022. முதலில் எண்ணெயே இல்லை, பிறகு ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே தாவலில் 340 ஆனபோது வாங்கக் காசில்லை. இங்கே படகு வைத்திருக்கிற யாருக்கும் அது மறக்காது.

அவளைக் கேட்காமல் படத்தை மட்டும் அள்ளிக்கொண்டு போயிருந்தால் அந்த மாமி கடன் சுமை ஏற்றினவராகவே அறிக்கையில் ஏறியிருப்பார். 'போட்டோவொய்ஸ்' (photovoice) என்கிற இந்த முறைக்கு அடி போட்ட ஆய்வாளர்கள் கரோலின் வாங் (Caroline Wang), மேரி ஆன் பர்ரிஸ் (Mary Ann Burris) இருவரும் சீனாவின் யுன்னான் கிராமத்துப் பெண்களிடம் கமராவைக் கொடுத்தபோதே, எடுத்தவர்கள் கூடி இருந்து படத்தைப் பற்றிப் பேச வேண்டும், அது முடிவெடுக்கிற ஆட்கள் வரை போக வேண்டும் என்றுதான் வைத்தார்கள். 1997இல் எழுதியும் வைத்தார்கள். இங்கே வருகிறவர்களுக்கு எப்போதும் நேரம் போதாது. படம் எடுக்க ஒரு கிழமை, பேச ஒரு பின்னேரம், அதிலும் பாதி தேத்தண்ணிக்கு.

எனக்குப் பெரிய எரிச்சல் அந்த 'மீண்டெழும் திறன்' என்ற சொல்லில்தான். போர், 2004 சுனாமி, பிறகு எண்ணெய் வரிசை, எல்லாவற்றையும் தாங்கின சனம் என்று எங்களைப் புகழ்ந்துவிட்டுப் போவார்கள், ஏதோ திருகோணமலைப் பிள்ளைகளுக்கு எலும்பு வேறு மாதிரிச் செய்தது போல. கனடா ஆய்வாளர் மைக்கேல் உங்கர் பல வருடமாகச் சொல்வது வேறு: அது பிள்ளையின் உள்ளே மட்டும் கிடக்கிற குணம் இல்லை, தேவையானதைத் தேடிப் போக அவளால் முடிகிறதா, போன இடத்தில் அது அவளுக்குச் சரிப்படுகிற விதத்தில் கிடைக்கிறதா என்பதும் சேர்ந்தது. அன்று மேசையில் பரப்பின படங்களைப் பாருங்கள், சைக்கிள், பொதுக்குழாய், அம்மம்மாவின் தையல் மெசின், கடன் கொப்பி. ஒருத்தரும் தன் முகத்தை எடுக்கவில்லை (செல்பி எடுக்கிற வயதில்!). அறிக்கையில் மட்டும் மன உறுதி, தன்னம்பிக்கை என்று வந்தது. மாமி கடையை மூடினால் எந்தத் தன்னம்பிக்கையைக் காய்ச்சிக் குடிப்பது?

இன்னொன்று. அந்தத் தாளில் ஊரில் பாதிப் பேரின் பெயரும் கடனும் இருந்தன. பிள்ளையும் பெற்றோரும் கையெழுத்து வைத்தார்கள், சரி, கொப்பியில் இருந்த மற்றவர்களிடம் யார் கேட்டது? கண்காட்சிக்கு முதல்நாள் இரவுதான் எங்களுக்கு அது உறைத்தது. முகத்தை மங்கலாக்குவது எல்லாருக்கும் ஞாபகம் வரும், பெயர் வராது. அவளே போய்க் கொப்பியை மூடி வைத்து, அட்டையும் பேனையும் மட்டும் தெரிய இன்னொன்று எடுத்து வந்தாள். முந்தினதை விட நல்ல படம்.

கண்காட்சிக்கு அதிகாரிகள் வந்தார்கள், குத்துவிளக்கு ஏற்றினார்கள், ரோல்ஸ் சாப்பிட்டுப் போனார்கள். கடை மாமியும் வந்தார். படத்தின் முன்னால் கன நேரம் நின்றுவிட்டு அவளிடம் கேட்டார், "ஏன் பிள்ளை, கடையை எடுத்திருக்கலாமே, இப்பதானே பெயின்ட் அடிச்சனான்."