24 வோல்ட் நேரா குடுத்துடாதீங்க
ஐஇபிஇ சென்சார்ங்கறது மெஷின் அதிர்வ அளக்குற, உள்ளயே ஆம்ப்ளிஃபயர் இருக்குற சென்சார், கண்டிஷனர்ங்கறது அதுக்கு கரன்ட் குடுத்து சிக்னல வாங்கித் தர்ற பெட்டி. மேல ஒருத்தர் "ஐஇபிஇ சென்சாருக்கு கண்டிஷனர்லாம் வேஸ்ட், பேனல்ல இருக்குற 24 வோல்ட் சப்ளைய நேரா குடுத்து ஓட்டலாம்"னு போட்டிருக்காரு, தயவுசெஞ்சு யாரும் அப்படி பண்ணிடாதீங்க, உள்ள இருக்குற ஆம்ப்ளிஃபயர் போயிடும். அதுக்கு வேண்டியது கான்ஸ்டன்ட் கரன்ட் (அளவு மாறாத கரன்ட்), 2ல இருந்து 20 மில்லி ஆம்பியருக்குள்ள, பெரும்பாலும் 4 வச்சாலே போதும், ஆனா கேபிள் நூறு மீட்டர் தாண்டி போகுது, ஹை ஃப்ரீக்வென்சியும் பாக்கணும்னா கரன்ட்ட கொஞ்சம் ஏத்தணும், இல்லன்னா அந்த பக்கம் சிக்னல் அடிபடும் (பேரிங் ஃபால்ட் தேடுறவங்களுக்கு அதுதானே முக்கியம்). சென்சாரோட அவுட்புட் சுமார் 10, 12 வோல்ட் பயஸ் (நிலையான டிசி வோல்ட்டேஜ்) மேல ஏறிதான் வரும், கண்டிஷனர்தான் அந்த டிசிய கழட்டிவிட்டு ஏசிய (அதிர்வு சிக்னல) மட்டும் தரும், இதுக்கு பேரு ஏசி கப்ளிங். மெதுவா சுத்துற மெஷின்னா அந்த கப்ளிங்கோட லோ கட்ஆஃப் (எந்த ஃப்ரீக்வென்சிக்கு கீழ சிக்னல் குறைஞ்சிடும்ங்கறது) எவ்ளோன்னு டேட்டாஷீட்ல பாத்துட்டு வாங்குங்க.

சார்ஜ் அவுட்புட் சென்சார் (உள்ள ஆம்ப்ளிஃபயர் இல்லாதது) கதையே வேற, அதுக்கு வெளிய சார்ஜ் ஆம்ப்ளிஃபயரும் லோ நாய்ஸ் கேபிளும் வேணும். சுமார் 120 டிகிரி செல்சியஸ தாண்டுற சூட்ட சாதாரண ஐஇபிஇ தாங்காது, அதனால டர்பைன் பக்கம்லாம் சார்ஜ் சென்சாரத்தான் போடுவாங்க. ஐஇபிஇக்கு பேட்டரில ஓடுற சின்ன கண்டிஷனர் கூட இருக்கு, டிஏகியூ கார்டுலயே (சிக்னல கம்ப்யூட்டர்ல பதிவு பண்ற கார்டு) ஐஇபிஇ ஆப்ஷன் இருந்தா தனி கண்டிஷனரும் வேண்டாம்.