முதுகில் ஏறிய நத்தை

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா இருக்காமல், என் பெண்ணை நான் ஒரு நாளில் எத்தனை தடவை தொடுகிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். எழுப்புவதற்கு உலுக்கியது, பல் தேய்க்கத் தள்ளிக்கொண்டு போனது, தலை துவட்டியது, சிக்கெடுத்தது, மூக்கைத் துடைத்தது, ரோட்டைக் கடக்கும்போது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது. ராத்திரி கணக்குப் பார்த்தால், வேலை எதுவும் இல்லாமல் தொட்டது ஒரே ஒரு தடவை. அதுவும் அவளாக வந்து மேலே விழுந்தது. ஆறு வயசு. கைக்குழந்தையாக இருந்தபோது தோளை விட்டு இறக்கியதே இல்லை. எப்போது இப்படி ஆனது என்று யோசித்தேன், பிடிபடவில்லை.

அதற்கப்புறம்தான் இந்தக் கதை மசாஜைப் பிடித்துக்கொண்டேன். பேர்தான் ஒரு மாதிரி. மசாஜ் என்றதும் எண்ணெய், பிசைவது, சொடக்கெடுப்பது என்று மனசு போகிறது. இதில் அதெல்லாம் கிடையாது. பிள்ளை சட்டையோடு குப்புறப் படுத்திருக்கும், அல்லது நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும். நாம் கதை சொல்லிக்கொண்டே அதன் முதுகில் கையால் நடத்திக் காட்ட வேண்டும். மழை என்றால் பத்து விரல் நுனியும் தூறும். யானை என்றால் உள்ளங்கை அமுங்கி அமுங்கி நடக்கும். காற்று என்றால் இரண்டு கையும் தோளிலிருந்து கீழே வழிந்து வரும். அவ்வளவுதான்.

முதல் நாள் சொதப்பினேன். கதை, ஒரு நத்தை மலை ஏறுகிறது. கை அவள் முதுகில், மனசு நாளைக்கு முடிக்க வேண்டிய வேலையில். விறுவிறுவென்று இடுப்பிலிருந்து கழுத்துக்கு ஏற்றிவிட்டேன். அவள் நெளிந்தாள், கூச்சத்தில் சிரித்தாள், அப்புறம் தலையை மட்டும் திருப்பிக் கேட்டாள்: “அப்பா, நத்தை பஸ்லயா போகுது?”

சரியான கேள்வி. மெதுவான வருடலுக்கென்றே நம் தோலில் ஒரு வகை நரம்பிழைகள் உண்டு. சி-டாக்டைல் என்கிறார்கள். முதுகு, முன்கை மாதிரி ரோமம் உள்ள இடங்களில் நிறைய, உள்ளங்கையில் மிக அரிது. ஸ்வீடன் ஆய்வாளர்கள் இதைப் பல வருஷமாகத் துருவியிருக்கிறார்கள். வினாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வரையான வேகத்தில், உடம்புச் சூட்டில் உள்ள ஒரு கை வருடும்போதுதான் இவை நன்றாக விழித்துக்கொள்கின்றன. ஓட்டமாக ஓடினால் கண்டுகொள்வதில்லை. இன்னொன்று, இவை செய்தியை மூளைக்குக் கொண்டுபோகும் வேகமே வினாடிக்கு ஒரு மீட்டர்தான். எங்கே தொட்டார்கள் என்று சொல்லும் நரம்புகள் அதைவிடப் பல மடங்கு வேகம். இதுக்கு எங்கே என்பதைவிட எப்படி என்பதுதான் முக்கியம் போல.

என் பெண்ணின் முதுகு ஏறக்குறைய 30 சென்டிமீட்டர். வினாடிக்கு மூன்று சென்டிமீட்டர் என்று வைத்தால், கீழிருந்து மேலே போய்ச் சேர பத்து வினாடி ஆகணும். மனசுக்குள் பத்து எண்ணிக்கொண்டே ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள். நாலு எண்ணுவதற்குள் என் கை கழுத்தில் நின்றது. இரண்டாவது வாரம்தான் எட்டுக்கு வந்தேன்.

“வருடினால் போதாதா, கதை எதற்கு?” என்று மனைவி கேட்டாள். நானும் கதை இல்லாமல் செய்து பார்த்தேன். இரண்டு நிமிஷத்தில், “என்னப்பா பண்ற?” என்று எழுந்துவிட்டாள். நியாயம்தான். காரணமில்லாமல் ஒரு கை முதுகில் அலைந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். கதை வந்ததும் கைக்கு ஒரு வழி கிடைக்கிறது. அடுத்து எங்கே போகும் என்று பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிகிறது. கதை முடிந்தால் தொடுவதும் முடிந்தது. பிடிக்கவில்லை என்றால் “கையை எடு” என்று அப்பாவிடம் சொல்லச் சங்கடப்படுகிற பிள்ளைகூட, “மழை போதும், வெயில் வரட்டும்” என்று சுலபமாகச் சொல்லிவிடும். எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம் அதுதான்.

கேட்டுவிட்டுத் தொடுவது என்பதை இதில் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிகளில் செய்வதற்கென்று மியா எல்ம்சாட்டர், சில்வி எத்து என்ற இரண்டு பெண்கள் 2000-இல் ஒரு முறையை உருவாக்கினார்கள். அதில் நாலு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகள் ஒருத்தருக்கொருத்தர் செய்துகொள்வார்கள். உடுப்பு மேலேயேதான். ஆசிரியர் பிள்ளைகளைத் தொடுவதே இல்லை. தொடங்கும் முன் அனுமதி கேட்கணும், முடித்ததும் நன்றி சொல்லணும். படித்தபோது, வீட்டுக்குள் இதெல்லாம் கொஞ்சம் நாடகமாக இருக்குமே என்று நினைத்தேன். செய்து பார்த்தால் அப்படி இல்லை. “இன்னைக்குக் கதை சொல்லட்டுமா?” என்று கேட்டேன். “வேணாம்பா” என்றாள். சரி என்று எழுந்து போனேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ‘வேணாம்’ சொன்னால் நிஜமாகவே நடக்காது என்பது அவளுக்குப் புதுசாக இருந்திருக்கும். தப்பான தொடுதல் பற்றி வகுப்பில் பாடம் நடத்துகிறோம், படம் போட்டுக் காட்டுகிறோம், எல்லாம் வேண்டியதுதான். ஆனால் வீட்டில் ஒரு தடவையாவது அந்த ‘வேணாம்’ செல்லுபடியாகாமல், வெளியே சொல்லு என்றால் பிள்ளை எப்படிச் சொல்லும்?

இந்த இடத்தில் ஒரு எரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். இதைச் செய்தால் மூளை வளரும், மார்க் ஏறும், அடம் அடங்கும் என்று ஆளாளுக்கு வீடியோ போடுகிறார்கள். தொடுதலால் நன்மை உண்டு என்பதற்கு ஆராய்ச்சிகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. 1986-இல் மயாமியில் டிஃபனி ஃபீல்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர், குறைமாதக் குழந்தைகளுக்குப் பத்து நாள், தினம் மூன்று வேளை, பதினைந்து நிமிஷம் நீவிவிட்டுப் பார்த்தார்கள். நீவாத குழந்தைகளைவிட நாளுக்கு 47 சதவீதம் கூடுதலாக எடை ஏறியது. ஆனால் அது மருத்துவமனையில் இருந்த பச்சிளங்குழந்தைகளின் எடைக் கணக்கு. அதைத் தூக்கிவந்து ஒண்ணாங்கிளாஸ் வாய்ப்பாட்டில் ஒட்டுவது அநியாயம். என் பெண் முன்னைவிடச் சீக்கிரம் தூங்குகிறாள், அது உண்மை. வருடலால் தூங்குகிறாளா, அந்தப் பத்து நிமிஷம் அப்பா ஃபோனைத் தொடவில்லை என்பதால் தூங்குகிறாளா, எனக்குத் தெரியாது.

எல்லாப் பிள்ளைக்கும் இது ஒத்துவராது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் சிலருக்கு லேசான வருடல் முள் குத்துகிற மாதிரி இருக்கும். அவர்களில் சிலருக்கு, அசையாமல் அழுத்தமாக வைத்த உள்ளங்கை பிடிக்கும். சிலருக்கு அதுவும் வேண்டாம். காய்ச்சல், தோலில் தடிப்பு, காயம் இருந்தால் கதை மட்டும் போதும். முதுகெலும்பு மேல் அழுத்தாதீர்கள், இரண்டு பக்கமும் போங்கள். தயவுசெய்து கடைசியில் நத்தையை நிறுத்தி, பொறுமையின் பெருமை பற்றிப் பேச வைக்காதீர்கள். மலை ஏறினது போதும், அது தூங்கட்டும்.

போன வாரம், “இன்னைக்கு நான் சொல்றேன், நீ படு” என்றாள். படுத்தேன். ஒரு முயல் வந்தது, இரண்டு விரல், தத்தித் தத்தி. அப்புறம் ஒரு கரடி. கரடி வந்ததும் முஷ்டியை மடக்கி இடது தோளுக்குக் கீழே ஒரே இடத்தில் குத்து, குத்து, குத்து. வலித்தது. “யாரும்மா அந்தக் கரடி?” என்றேன். “ஒரு கரடி. பக்கத்துல உக்காரும். முயலோட பென்சில பிடுங்கிக்கும்.” அதற்கு மேல் நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. முயல் என் முதுகின் அந்தக் கோடிக்குப் போய் ரொம்ப நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. ‘இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்தது’ என்று தினமும் கேட்டு, தினமும் ‘ஒண்ணுமில்ல’ என்று பதில் வாங்கிய ஆள் நான். மறுநாள் வகுப்பாசிரியரிடம் போய்ப் பேசினேன்.

பெரியவனுக்கு வயசு பதினொன்று. இதெல்லாம் பாப்பா விளையாட்டு என்று சொல்லிவிட்டான். வற்புறுத்தவில்லை. முந்தாநாள் தங்கைக்கு நான் கதை சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் கிடந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தான். கண்ணைப் புத்தகத்திலிருந்து எடுக்காமலே சட்டைக் கையை முழங்கை வரை மடக்கினான். “சின்னக் கதையா இருந்தா சரி” என்று முன்கையை என் பக்கம் நீட்டினான்.