சைடுலைன்ல கத்தாதீங்கப்பா

சனிக்கிழமை காலைல பையனோட சாக்கர் கேமுக்குப் போனாலே தலைவலிதான். எல்லாம் எட்டு வயசுப் புள்ளைங்க, கோச் பாஸ் பண்ணுங்கறார், இந்தப் பக்கம் ஒரு அப்பா ஷூட் ஷூட்னு தொண்ட கிழிய கத்துறார், அந்தப் புள்ள யார் பேச்சக் கேக்கும், அப்படியே நின்னு அப்பா மூஞ்சியப் பாக்குது, அதுக்குள்ள பந்து போயிடுது. இன்னொருத்தர் ஹெட் பண்ணுடா, பந்தத் தலையால முட்டுடாங்கறார். மூளைக்கு அடிபடும்னு 10 வயசு வரைக்கும் ஹெட்டிங்கே கூடாதுன்னு அமெரிக்காவோட சாக்கர் சங்கம் யூ.எஸ். சாக்கர் 2015லயே சொல்லிட்டாங்க! அதுக்கு விசில் அடிச்சா ரெஃபரிகிட்டயும் சண்டை, அவனே 14 வயசுப் பையன், கண்ணு கலங்கி நிக்கிறான், பாக்கவே மனசு கேக்கல. ரெண்டு டீமுக்கும் கை தட்டுங்க, கார்ல திரும்புறப்போ கிளாஸ் எடுக்காம பசிக்குதாடான்னு கேளுங்க, போதும்.