காசில்லாதது மட்டும் காரணமில்லை

"அமெரிக்க நகரங்களில் கறுப்பினத்தவர் ஒதுங்கி வாழ்ந்ததற்குக் காசில்லாததுதான் காரணம், யாரும் தடுக்கவில்லை" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். தவறு. காசு இருந்தவர்களுக்கும் கதவைச் சாத்தினார்கள். போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்காக 1947-இல் நியூயார்க் அருகே லெவிட்டவுன் என்ற குடியிருப்பைக் கட்டினார்களே, அதன் ஒப்பந்தத்தைப் பாருங்கள்: வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது, ஆனால் வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அச்சடித்தே கொடுத்திருக்கிறார்கள். படிக்கவே மனம் கொதிக்கிறது. அரசும் சும்மா இருக்கவில்லை. 1934-இல் வந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் கறுப்பினத்தவர் பகுதிகளில் வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தர மறுத்தது, அதனால் வெள்ளையர் குடும்பங்களுக்கு வீடு சொத்தாகப் பெருக, இவர்கள் வாடகை கட்டிக்கொண்டே கிடந்தார்கள். அந்த வறுமையே அப்படி வந்ததுதான். வீட்டு விற்பனையில், வாடகையில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் வந்தது 1968-இல்.