எரியப்போகிற பூமிக்கு எதற்கு இவ்வளவு கவலை?

"பூமி எப்படியும் எரிந்து போகப்போகிறது, பிளாஸ்டிக்கைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், ஆத்துமாக்களைப் பற்றிக் கவலைப்படுங்கள்" என்று ஒரு பிரசங்கியார் சொன்னார், கூட்டம் ஆமென் என்றது. நானும் அங்கே இருந்தேன். ஆமென் சொல்லவில்லை, எழுந்து போகவும் இல்லை. அது உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் இந்தப் பதிவு.

அவர் எடுத்த வசனம் 2 பேதுரு 3:10. பூமியும் அதிலுள்ள கிரியைகளும் எரிந்து அழிந்துபோம். சரி, ஆனால் நான்கு வசனம் முன்னால் போய்ப் பாருங்கள், அப்போது இருந்த உலகம் ஜலப்பிரளயத்தால் "அழிந்தது" என்றும் அதே பேதுருதான் எழுதுகிறார். அழிந்தது என்றாரே, நோவா பேழையை விட்டு இறங்கி நின்றது இதே மண்ணில்தானே? அப்புறம் இன்னொன்று. மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளான சினாய், வத்திக்கான் இரண்டிலும் அந்த இடத்தில் இருக்கிற சொல்லுக்கு "எரிந்துபோகும்" என்று பொருள் இல்லை, "கண்டறியப்படும்" என்றுதான் பொருள். பூமியில் நாம் செய்து வைத்ததெல்லாம் மறைவில்லாமல் வெளியே வரும். இதைப் படித்தால் பயம் வரலாம், அலட்சியம் எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை.

வெளியில் இருந்து வரும் குற்றச்சாட்டு வேறு மாதிரி. 1967-ல் லின் ஒயிட் என்கிற வரலாற்றாசிரியர் 'சயின்ஸ்' இதழில், இன்றைய சூழல் நெருக்கடிக்கு மேற்கத்தியக் கிறிஸ்தவம் பெரும் பொறுப்பு ஏற்கவேண்டும் என்று எழுதினார். அவரும் கிறிஸ்தவர்தான். புனிதர் அசிசி பிரான்சிஸைச் சூழலியலாளர்களின் பாதுகாவலராக வைக்கலாம் என்று அந்தக் கட்டுரையை முடித்தார், 1979-ல் போப் இரண்டாம் ஜான் பால் அதை அப்படியே அறிவித்தார். குற்றம் சாட்டியவரின் யோசனையைத் திருச்சபை ஏற்றுக்கொண்டது எனக்குப் பிடித்த விஷயம்.

ஒயிட் சொன்னதில் பாதி சரி என்றுதான் நினைக்கிறேன். "கீழ்ப்படுத்தி ஆண்டுகொள்ளுங்கள்" என்ற ஆதியாகமம் 1:28-ஐ நாம் பட்டா மாதிரி பிடித்துக்கொண்டோம். அடுத்த வசனத்தில் மனிதனுக்குச் சாப்பாடாகக் கொடுக்கப்படுவது விதை தரும் பயிரும் கனியும் மட்டும்தான், இறைச்சிக்கு அனுமதி ஒன்பதாம் அதிகாரத்தில்தான் வருகிறது. கொன்று தின்னக்கூட உரிமை தராத ஆளுகை அது! 2:15-ல் தோட்டத்தைப் "பண்படுத்தவும் காக்கவும்" வைத்தார் என்று இருக்கிறது. காப்பதற்கு எபிரெயத்தில் ஷாமார். "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து உன்னைக் காக்கக்கடவர்" என்று ஆராதனை முடிவில் கேட்கிறோமே, அதிலும் இதே சொல்தான். தம்பியைக் கொன்றுவிட்டு "என் சகோதரனுக்கு நான் காவலாளியோ" என்று காயீன் கேட்டதும் இதே வேரிலிருந்துதான். கர்த்தர் நம்மைக் காப்பதுபோல நாம் மண்ணைக் காக்கவேண்டும், கேட்டால் காயீன் பதிலைச் சொல்லக்கூடாது, நான் வாசிக்கிற விதத்தில் இவ்வளவுதான்.

மண்ணை வேதாகமம் வெறும் மேடையாகப் பார்ப்பதில்லை, அதற்கும் உரிமை இருக்கிறது. லேவியராகமம் 25-ல் ஏழாம் வருஷம் நிலத்துக்கு ஓய்வு. "தேசம் என்னுடையது, நீங்கள் பரதேசிகள்" என்கிறார் கர்த்தர், அதாவது நாம் குடியிருக்க வந்தவர்கள். ஓய்வு கொடுக்காமல் விட்டால்? 2 நாளாகமத்தின் கடைசி அதிகாரத்தைப் பாருங்கள். ஜனங்கள் பாபிலோனில் சிறையிருந்த 70 வருஷமும் நிலம் தனக்கு வரவேண்டிய ஓய்வை அனுபவித்தது என்று எழுதியிருக்கிறது. சிறையிருப்பைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், அந்த ஒரு வரியை யாரும் தொட்டதில்லை.

இப்போது செப்டம்பர் 1-ஐப் படைப்புக்காக ஜெபிக்கும் நாளாக வைத்திருக்கிறோம். 1989-ல் ஆர்த்தடாக்ஸ் திருச்சபை ஆரம்பித்தது, 2015-ல் போப் பிரான்சிஸ் கத்தோலிக்கர்களுக்கும் சேர்த்தார். நல்லது. ஆனால் நடப்பதென்ன, ஒரு மரக்கன்று, ஒரு போட்டோ. அதைவிட, 1997-ல் ஆர்த்தடாக்ஸ் முதற்பிதா பர்த்தலோமேயு இயற்கைக்கு எதிராகக் குற்றம் செய்வது பாவம் என்று நேரடியாகச் சொன்னாரே, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. மரம் நடுவதை நற்செயல் கணக்கில் எழுதிக்கொள்ளலாம், பாவம் என்றால் அறிக்கையிட்டு விடவேண்டியிருக்கும். பொய், பொறாமை, இச்சை எல்லாம் என் பாவ அறிக்கையில் வந்திருக்கிறது. ஆற்றில் விட்ட கழிவும், தேவையே இல்லாமல் வாங்கிக் குப்பையில் போட்டதும் இதுவரை ஒரு தடவைகூட வந்ததில்லை.