5, 9 பிணைப்பு கடற்பஞ்சுக்கு மட்டுமா?
கார்பன் சங்கிலியின் 5, 9 இடங்களில் (அமில முனையிலிருந்து எண்ணினால்) இரட்டைப் பிணைப்புள்ள கொழுப்பு அமிலம், கடற்பஞ்சு என்ற எளிய கடல் விலங்கைத் தவிர வேறெங்கும் கிடையாது என்று இங்கே வந்த கட்டுரை சொல்வது கொஞ்சம் மிகை. கொரியப் பைன் கொட்டை எண்ணெயில் சுமார் 15 சதவீதம் பினோலெனிக் அமிலம். அதில் 5, 9, 12 என மூன்று இடங்களில் பிணைப்பு. யூ மர விதையின் டாக்சோலெயிக் அமிலத்தில் 5, 9 மட்டும்தான். ஆனால் இவை 18 கார்பன் சங்கிலிகள். கடற்பஞ்சின் விசேஷம் நீளத்தில்தான் இருக்கிறது, 24 முதல் 30 கார்பன் வரை போகும். அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் வளரும் மைக்ரோசியோனா புரோலிஃபெரா என்ற சிவப்புப் பஞ்சில் 26 கார்பன் அமிலங்கள் இருப்பது 1974-இலேயே வெளியாகிவிட்டது. கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர், "எல்லாம் பஞ்சின் உள்ளே குடியிருக்கும் பாக்டீரியாவின் வேலைதானே?" என்கிறார். பாதி சரி. கிளைத்த, குட்டையான அமிலங்கள் பெரும்பாலும் பாக்டீரியா தருபவை. ஆனால் இதே பஞ்சுக்குக் கதிரியக்க அசிடேட் (தடம் பார்க்க உதவும் இரண்டு கார்பன் மூலப்பொருள்) கொடுத்துப் பார்த்தபோது, 16 கார்பன் அமிலத்தை இரண்டிரண்டு கார்பனாக நீட்டி, அப்புறம்தான் 5, 9 இடங்களில் பிணைப்பு போடப்படுகிறது என்று தெரிந்தது. இன்னொன்று, ஆய்வகத்தில் வாயு நிறவரைவி (கலவையைப் பிரித்து, ஒவ்வொரு பொருளையும் வரைபடத்தில் ஒரு சிகரமாகக் காட்டும் கருவி) ஓட்டுகிறவன் என்பதால் சொல்கிறேன்: மீன் எண்ணெய்க்கு வைக்கும் நேரக்கணக்கில் ஓட்டினால் இவை கண்ணிலேயே படாது. மீன் எண்ணெயின் ஒமேகா-3 அமிலமான டிஎச்ஏ-வின் சிகரம் வந்ததும் அடுத்த மாதிரியை ஏற்றிவிடுவோம். இந்த 26 கார்பன் ஆசாமிகள் ஆடி அசைந்து வந்து, அகலமான குட்டைச் சிகரங்களாக அடுத்த மாதிரியின் வரைபடத்தில் தலைகாட்டுவார்கள். நாமும் மாதிரி ஏற்றும் ஊசியைச் சரியாகக் கழுவவில்லை என்று உதவியாளரைத் திட்டிக்கொண்டிருப்போம்.