நூலகருக்கு மனநிறைவு எங்கிருந்து வருகிறது?

"பல்கலைக்கழக நூலகத்துலயா வேலை? ஏசியில உக்காந்து நிம்மதியா பாக்கலாமே!" தீபாவளி விருந்துகளில் சொந்தக்காரர்கள் இப்படித்தான் சொல்கிறார்கள். அந்த நிம்மதி ஒருவரை எப்படி வாட்டும் என்பதற்கு இந்திய நூலகவியலின் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதனே சாட்சி. கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர், தனிமை தாங்காமல் சில வாரங்களிலேயே கணிதம் கற்பிக்கத் திரும்பிப் போகிறேன் என்று பல்கலைக்கழக நிர்வாகத்திடம் போய் நின்றார். லண்டனில் நூலகவியல் படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்காவிட்டால் பழைய வேலை உங்களுக்குத்தான் என்றார்கள். போனார். நூல்களை வகைப்படுத்துவதில் தன் கணித மூளைக்கு வேலை இருப்பதைக் கண்டுகொண்டார். அப்புறம் பழைய வேலையைக் கேட்கவே இல்லை. 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகள், 1933இல் நூல்களை வகைப்படுத்தும் கோலன் பகுப்பு முறை என்று வெளியிட்டார்.

மனநிறைவுக்கு மூன்று வேண்டும் என்கிறார்கள் உளவியலாளர்கள் டெசியும் ரயனும்: தானே முடிவெடுக்கும் உரிமை, திறமைக்கேற்ற வேலை, கூட இருப்பவர்களோடு ஒட்டுறவு. சிங்கப்பூரில் பல்கலைக்கழக நூலகராக இருக்கும் எனக்கு இது வெறும் ஏட்டுப் பாடமாகத் தெரியவில்லை.

முதியோரின் நீரிழிவு பற்றி ஆய்வு செய்யும் ஒரு முனைவர் பட்ட மாணவி வந்தார். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தரவுத்தளத்தில் தேடினால் சம்பந்தமில்லாத கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் கொட்டின. சொற்களை இறுக்கினால், கட்டாயம் வரவேண்டிய கட்டுரையே காணாமல் போனது. ஒவ்வொரு சொல்லுக்கும் மாற்றுச்சொல் தேடி, அடைப்புக்குறிகளை இடம் மாற்றி, எம்பேஸ் என்ற இன்னொரு மருத்துவத் தரவுத்தளத்துக்கு அதையே வேறு விதமாக எழுதி, மாலைக்குள் சரியாக வந்தது. அன்று வீட்டுக்குப் போகும்போது மனம் நிறைந்திருந்தது. மாதாந்தர அறிக்கையில் அது 'ஆலோசனை: 1'. பிறகு கட்டுரை வெளிவந்தது. எங்கள் தேடல் வரிகள் அப்படியே இருந்தன, நூலகர் பெயர் எங்கும் இல்லை.

இந்த அங்கீகாரத்தைக் கேட்டு வாங்க எங்களுக்குக் கூச்சம். சேவைதானே என்று விட்டுவிடுகிறோம். நூலகப் பணி புனிதமானது என்ற நினைப்பே நூலகர்களை வாய்மூடிச் சுமக்க வைக்கிறது என்று அமெரிக்க நூலகர் ஃபோபாஸி எட்டார் 2018இல் எழுதினார். என் அனுபவத்தில் அது முழு உண்மை.

ஊழியர் நல வாரமும் யோகா வகுப்பும் நடக்கட்டும். அதோடு, பல்கலைக்கழக நிர்வாகங்களே, நூலகர்களின் ஆண்டு மதிப்பீட்டில் இந்தத் தேடல் வேலைக்கு ஓர் இடம் கொடுங்கள். எந்த ஆய்வில் சேர்ந்து உழைப்பது என்று முடிவுசெய்வதில் நூலகருக்கும் பங்கு வேண்டும். ஆய்வேடு எழுதும் தம்பி தங்கைகளே, நூலகர் உதவினால் நன்றியுரையில் பெயர் போடுங்கள். தேடல் முழுவதையும் அவரே வடிவமைத்து ஆய்வுமுறைப் பகுதியையும் எழுதித் தருவதானால், இணை ஆசிரியராகச் சேர்ப்பது பற்றி முதல் சந்திப்பிலேயே பேசிவிடுங்கள்.